டார்லீன் ஏன் திரும்பி வந்து உட்கார்ந்தாள்

எண்பத்தாறில் எங்கள் குழுவின் முதல் வீடியோவுக்கு நாள் குறித்தார்கள். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். பாட்டுகளை எழுதுவதும் நான்தான். ராக் வீடியோ என்றால் அன்றைக்கு லாஸ் ஏஞ்சலீஸ் முழுக்க ஒரே மாதிரிதான்: மேடை, புகை, பறக்கும் முடி, காரின் மேல் படுத்து நெளியும் ஒரு பெண். அதை நம்பி எங்கள் கிட்டாரிஸ்ட் ரஸ்டி தோல் பேன்ட்டுக்குள் தன்னை எப்படியோ திணித்துக்கொண்டு, ஸ்ப்ரே அடித்த முடியோடு வந்திருந்தான்.

வரச்சொன்ன இடமோ ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடை. ஜன்னலோர மேசையைப் பார்த்தபடி ஒரே ஒரு கேமரா.

"நாங்க எங்க நிக்கணும்?" என்றான் ரஸ்டி.

"வெளிய," என்றாள் இயக்குநர் மார்கோ.

"தெருவுலயா வாசிக்கணும்?"

"வாசிக்கவே வேணாம். வீடியோல நீங்க இல்ல."

"அப்புறம் யாருதான் இருக்கா?"

மார்கோ டார்லீனைக் காட்டினாள். காரின் மேல் படுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, குட்டைப் பாவாடையில் வந்திருந்த பெண். மார்கோ தன் பழைய ஸ்வெட்டரைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள்.

"இதப் போட்டுக்கம்மா. பாட்டு ஓடற வரைக்கும் உக்காந்து ஆம்லெட் சாப்பிடு."

"ஆடணுமா?"

"வேணாம்."

"நான் யாரு? எதுக்குச் சாப்பிடறேன்?"

"பசிக்கலயா உனக்கு?"

ரஸ்டி என் காதைக் கடித்தான். "டேய், நம்ம பாட்டு ஆம்லெட்டப் பத்தியாடா?"

எழுதிய எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. டார்லீன் சாப்பிட்டாள். பாதியில் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து கதவுவரை போனாள். கைப்பிடியைத் தொட்டாள். நின்றாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன தட்டையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கோ இரண்டாவது டேக் கேட்கவில்லை.

இசைத்தட்டு நிறுவனத்துக்காரர் போட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார். "பாடறவங்க எங்கம்மா? ஜனங்க டிவி ரிப்பேர்னு நெனச்சுப்பாங்க!" ஆனாலும் கையில் வேறு எதுவும் இல்லாததால் அதையே ஒளிபரப்பினார்கள். தொலைக்காட்சி நிலையத்தில் தொலைபேசி ஓயவில்லை. அவள் யாருக்காகக் காத்திருந்தாள், ஏன் போகவில்லை என்று ஆளுக்கொரு கேள்வி. பாட்டு ஊரெல்லாம் பரவியது. டென்வர் கச்சேரியில் மட்டும் காவலாளி ரஸ்டியை உள்ளே விடவில்லை.

"வீடியோல உன்னப் பாக்கலயே."

"அதுல நாங்க யாருமே இல்லய்யா!"

கோடையில் லாங் பீச் கச்சேரிக்கு டார்லீன் வந்தாள். ஒரு பெண் அவள் கையைப் பிடித்து, அந்த வீடியோவைப் பார்த்துத்தான் புருஷனோடு இருந்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். இன்னொருத்தி, அதைப் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியதாகச் சொன்னாள்.

மேடைக்குப் பின்னால் நானும் கேட்டேன். "நிஜமா ஏன் திரும்பி வந்த?"

"நடுவுல பாட்டு நின்னுடுதில்ல? முடிஞ்சிடுச்சுன்னு எழுந்துட்டேன். கதவுகிட்ட போனதும் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. திட்டுவாங்களேன்னு ஓடி வந்து உக்காந்தேன்."

"இத அந்த ரெண்டு பேருகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்ல?" என்றாள். "ஆமா, அந்த எடத்துல ஏன் நிறுத்தின?"

"தெரியல. நிறுத்தணும்னு தோணுச்சு."

அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அன்று பாட்டு நிற்கும் அந்த இடம் வந்ததும் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. நானும் அவர்களோடு சேர்ந்து நின்றுவிட்டேன், மறுபடி தொடங்க வேண்டியவன் நான்தான் என்பதை மறந்து. ரஸ்டி என்னை முறைத்துக்கொண்டிருந்தான்.