தேங்காய் இல்லாத படையல்

பெரம்பலூரில் பஸ் மாறும்போது தங்கராசு மறுபடியும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். நகல் தாள் இருந்தது.

"சம்பந்தி வூட்டுக்கு அத எதுக்கு எடுத்துட்டு வரீங்க," என்றாள் அவர் மனைவி புவனேஸ்வரி.

"பையிலயே இருந்துடுச்சு."

அவருடைய கொள்ளுத்தாத்தா வைத்திலிங்கம் வெள்ளைக்காரன் காலத்தில் தீவாந்திரத் தண்டனை பெற்று அந்தமானுக்குப் போனவர். ஏரி மடைத் தகராறில் மனைவியின் அண்ணனை மண்வெட்டியால் வெட்டினார். தீவிலேயே இறந்துவிட்டார் என்று ஜெயங்கொண்டம் பக்கத்து வரதராஜன்பேட்டை வீட்டில் கருமாதி செய்தார்கள். அப்போது அவர் மகன், தங்கராசுவின் தாத்தா, சிறுவன். மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தவர் அவர்தான். உடல் இல்லாததால் வைக்கோலில் ஓர் உருவம் செய்து எரித்தார்கள்.

இறந்த தேதி யாருக்கும் தெரியாது. சிமெண்ட் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தங்கராசு அதைத் தேடத் தொடங்கினார். திதி கொடுக்க ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதான்.

சென்னை ஆவணக் காப்பகத்தில் கிடைத்த அந்த நகல் தாளில் இறப்பு இல்லை. விடுதலை என்று இருந்தது. கருமாதி முடிந்து பல ஆண்டுகள் கழித்து, உயிரோடு அவரைச் சென்னைக்குக் கப்பல் ஏற்றியிருந்தார்கள்.

அன்றிலிருந்து தங்கராசுவுக்குச் சரியாகத் தூக்கமில்லை. வந்தவர் எங்கே போனார்?

வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் செல்லதுரையின் வீடு. அவருடைய மகன் தமிழரசனுக்குத்தான் மகள் லாவண்யாவைக் கொடுக்கிறார்கள். மாசியில் கல்யாணம். இன்று தை அமாவாசை. படையலுக்குச் சாப்பிட வாருங்கள், அப்படியே முகூர்த்தப் புடவை எடுக்கப் போகலாம் என்று அழைத்திருந்தார்கள்.

"சாப்பாட்டுல தேங்கா தேடாதீங்க," என்றாள் செல்லதுரையின் மனைவி அம்பிகா. "இன்னிக்கு ஒரு நாளு இந்த வூட்ல தேங்காய்க்கு லீவு."

"ஏங்க?" என்றாள் புவனேஸ்வரி.

"எங்க அப்பாவப் பெத்த தாத்தாவுக்கு ஆகாதுங்க," என்றார் செல்லதுரை. "ஜெயில்ல மட்டைய அடிச்சு நாரு எடுக்க விட்டானாம். கையெல்லாம் புண்ணு. வந்தப்புறம் தேங்காயத் தொடவே இல்ல."

"எந்த ஜெயிலுங்க?" என்றார் தங்கராசு.

"அந்தமானு. மடத் தகராறுல மச்சான வெட்டிட்டுப் போனவரு. கெழக்க, ஜெயங்கொண்டம் பக்கம்னு அப்பா சொல்லுவாரு. பேரு கேட்டா வாயே தொறக்க மாட்டாராம். இங்க வூட்டோட மாப்ளயா இருந்துட்டாரு. பொண்ணு வூட்டு சாமியே எங்களுக்கும் சாமி."

குலதெய்வம் வேறு என்று பார்த்துத்தான் சம்பந்தம் பேசினார்கள். வேறு எதையும் பார்க்கவில்லை.

"சொந்த ஊருக்குப் போகலியா?"

"போனாராம். மவன் வாசல்லயே நிறுத்திட்டான். எங்கப்பாவுக்குக் கருமாதி முடிஞ்சுபோச்சு, நீ யாருன்னு கேட்டானாம். அதுக்கப்புறம் யாராவது கூப்புடாம எந்த நிலப்படியும் தாண்ட மாட்டாரு. இந்த வூட்லயே பொண்டாட்டி தெனம் வாங்கன்னு சொல்லணுமாம். அதான் அவரு இலைய வெளிய போடுறோம். பெரியவங்க ஒருத்தர் கூப்புட்டு உள்ள எடுத்துட்டு வரணும்."

தங்கராசு கை கழுவ வேண்டும் என்று எழுந்தார். புவனேஸ்வரி பின்னால் வந்தாள்.

கொல்லைக் குழாயடியில் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "செல்லதுரை எனக்குச் சித்தப்பா மொறை. தமிழரசன் எனக்குத் தம்பி."

அவள் குழாயை இன்னும் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் கூடியது.

"ஊருக்கு நாலு பேரு போயிருப்பாங்க அந்தமானுக்கு."

"மச்சான வெட்டிட்டா?"

"சரி, அவருதான்னே வெச்சுக்குவோம். செத்துட்டாருன்னு முடி எறக்குனது ஒங்க தாத்தா. வாசல்ல வந்து நின்னவர யாருன்னு கேட்டதும் அவருதான். அப்ப இவரு யாரோதானே. யாரோ ஒருத்தரு வூட்டுக்குத்தான் பொண்ணு குடுக்குறோம்."

"புவனா."

"பத்திரிகை வெச்சாச்சு. அந்தப் புள்ளையோட தெனம் பேசிட்டு இருக்கா அவ. என்னன்னு சொல்லுவீங்க? அவன் ஒனக்குச் சித்தப்பா மொறைம்மான்னா?"

அவர் முகத்தைக் கழுவினார். துண்டு கொண்டுவரவில்லை. அவள் முந்தானையை நீட்டினாள்.

வாசலில் இலை போட்டாகிவிட்டது. படிக்கு வெளியே, வெயிலில். சோறு, குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை. செல்லதுரை குனிந்து இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க வூட்லயும் ஒருத்தரு தீவுக்குப் போனாராமே சம்பந்தி. லாவண்யா சொல்லுச்சுன்னு தமிழரசன் சொன்னான்."

"ஆமாங்க."

"நீங்ககூட தேடிட்டு இருக்கீங்களாம்."

"ஆமாங்க."

"அவரு திரும்பி வந்தாரா?"

செல்லதுரை நிமிரவில்லை. தெளித்த இடத்திலேயே மறுபடியும் தெளித்தார். புவனேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கராசுவின் பையில் இருந்த தாள் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"இல்லைங்க," என்றார் தங்கராசு. "அங்கியே செத்துட்டாரு. கருமாதியும் பண்ணியாச்சு."

"சரிங்க." செல்லதுரை உடனே சொன்னார். சொம்பைக் கீழே வைத்தார்.

அம்பிகா கற்பூரம் ஏற்றினாள். "மூத்தவரு நீங்கதான். நீங்களே கூப்புடுங்க சம்பந்தி."

தங்கராசு படிக்கு வெளியே இறங்கி நின்றார். தெருவில் யாரும் இல்லை.

"உள்ள வாங்க," என்றார்.

"மொட்டையா கூப்புடுறீங்களே. தாத்தான்னு சொல்லுங்க," என்று சிரித்தாள் அம்பிகா. "இனிமே ஒங்களுக்கும் தாத்தாதானே."

தங்கராசு குனிந்து இலையை இரண்டு கைகளாலும் எடுத்தார். இலை சாய்ந்தது. குழம்பு ஒரு பக்கமாக ஓடி, ஓரத்தைத் தாண்டி, நிலைப்படியில் சொட்டியது.

"பரவால்ல," என்றார் செல்லதுரை. "நீங்க வாங்க."