கழுத்துக்கு ஏறிய காற்று

"அனுசுயாவோட செயினக் கொண்டாங்க மாப்ள" என்று கோம்பையிலிருந்து மாமியார் ஜக்கம்மா போனில் சொன்னபோது, சுருளிராஜன் ஏன் என்று கேட்கவில்லை. மனைவி அனுசுயா இறந்த பிறகு யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறான். தேனியில் எடுத்த பைக்கை வழியில் டீக்குக்கூட நிறுத்தவில்லை. நின்றால் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

மைத்துனன் ஈஸ்வரபாண்டி கட்டிலில் சாய்ந்திருந்தான். வைரஸ் காய்ச்சல் நிமோனியாவாகி, காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. காலையிலிருந்து கழுத்தும் கன்னமும் வீங்கியிருந்தன.

"பொன்னுக்கு வீங்கி. அக்கா செயினு கழுத்துல கெடந்தா வத்திரும்" என்றாள் ஜக்கம்மா.

"மச்சான், பொண்ணு பாக்கவா நகையோட வந்தீக?" பாண்டியின் குரல் மூக்கால் வந்தது. சிரிக்கப்போய் இருமினான். கன்னம் இன்னும் உப்பியது.

சுருளிராஜன் செயினை மாட்டினான். விரல் பட்ட இடத்தில், தோலுக்கடியில் ஏதோ நொறுநொறுத்தது. அந்த விரல்களுக்கு அது புதிதல்ல.

"அத்தை, இது பொன்னுக்கு வீங்கி இல்ல. நுரையீரல்ல காத்து கசிஞ்சு கழுத்துக்கு ஏறியிருக்கு. தேனிக்குப் போகணும்."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அனுசுயாவுக்கும் இதான். அபூர்வமா இப்பிடி வரும்னு டாக்டர் சொன்னாக."

"சொன்னாக. காப்பாத்துனாகளா?"

அவன் சட்டைப்பையில் போனைத் தேடினான்.

"ஒருத்தியக் குடுத்தது போதும். இவன் இங்கனயே கெடக்கட்டும்."

பாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சு எட்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். சுருளிராஜன் வாசலுக்குப் போய் வாடகைக் காருக்குப் போன் போட்டான். திரும்பி வந்து மாமியாரின் கையைப் பிடித்து மகன் கழுத்தில் வைத்தான். இதுவரை அவள் கையைத் தொட்டதில்லை.

"மெதுவா அமுக்குங்க."

அமுக்கினாள். சட்டென்று கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"காத்து நெஞ்சுல சேந்தா மூச்சு அடைக்கும். அங்கன ஆக்சிஜன் வைப்பாக, தேவைப்பட்டா குழாய் போடுவாக. இங்கன நம்மட்ட என்ன இருக்கு?"

"பொழச்சிருவான்னு சொல்லுங்க. அனுப்புறேன்."

பொய் சொல்லியிருக்கலாம்.

"தெரியல அத்தை."

ஜக்கம்மா அவனையே பார்த்தாள். வாசலில் ஹாரன் கேட்டது. மகனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

காரில் பாண்டியை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்திருந்தாள். உத்தமபாளையம் தாண்டியதும் கேட்டாள்.

"அவளுக்கு ரொம்ப வலிச்சுச்சா மாப்ள?"

"ஆமா."

முன்னால் ஒரு வாழைத்தார் லாரி மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"ஏப்பா டிரைவரு" என்றாள் ஜக்கம்மா, "அவன முந்து."