ஆறு முகவரிகள், ஒரே பெட்டி

ஒரே முதலாளியின் ஆறு கம்பெனிகளுக்கு ஆறு டொமைன்கள். ஆறையும் தாங்குவது ஒரே மெயில் சர்வர். அதைப் பராமரிப்பவன் நான். எந்தக் கம்பெனியில் வேலை கேட்டு எழுதினாலும் மெயில் ஒரே பெட்டியில் விழும்படி அமைத்தவனும் நானே. அதைப் படித்துவந்த அதிகாரி ஓய்வுபெற்று இரண்டு வருடங்கள் ஆகின்றன.

இடம் நிறைந்துவிட்டதென்ற எச்சரிக்கை வரவே, இன்று அதைத் திறந்தேன். நாலாயிரம் விண்ணப்பங்கள், ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை. அவற்றுள் ஆறு என் அக்காவுடையவை. என் சிபாரிசு வேண்டாமென்று தானே எழுதியவள், ஆறு கம்பெனிகளும் தன்னை ஒதுக்கிவிட்டதாக நம்பி ஒடுங்கிப்போயிருந்தாள்.

முதலாளியிடம் சொன்னேன்.

"நாம எடுக்கிறது தெரிஞ்சவங்களத்தானேப்பா, இதையெல்லாம் யாரு படிப்பா? அழிச்சிடு. புதுக் கம்பெனியையும் அதுலயே சேத்துடு."

அழித்தேன், சேர்த்தேன். பத்து நிமிட வேலை.

வீட்டில் அக்கா செய்தித்தாளுடன் நின்றாள். "டேய், ஏழாவதா ஒண்ணு தொறக்கிறாங்களாம். சிபாரிசு கிபாரிசுன்னு நீ கெளம்பிடாத. இவங்களாவது படிச்சுப் பாப்பாங்க, இல்ல?"

"எழுதுக்கா," என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.