பசைக்காரரின் மூச்சு

ஆமையைக் கடலில் விட்ட நாளிலிருந்து பசைக்காரர் ஏறக்குறைய அரைமணிக்கு ஒருமுறைதான் மூச்சு விட்டார். நடுக்கடலில் அது தலையை மேலே நீட்டி மூச்சு விடும்போது இவரும் விட்டார். அது முங்கினால் இவர் மூக்கும் அடைத்துக்கொண்டது. காப்பகத்தில் குணமான ஆமைகளின் ஓட்டில், செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும் சிறு கருவியை ஒட்டுவது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். வலையில் சிக்கித் துடுப்பு அறுந்து வந்த அந்தப் பெண் ஆமைக்கு ஒட்டும்போது ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி தெரிந்தது. விரலுக்குத் தெரிவது உறைக்குத் தெரியாது என்று கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்தினார். பசையோ சூடேறி இறுகும் நேரம். கையைப் பிய்த்து எடுத்தபோது உள்ளங்கைத் தோல் கொஞ்சம் கருவிக்கு அடியிலேயே தங்கிவிட்டது. துளித் தோல்தானே என்று மருந்து போட்டுக்கொண்டு மறந்துபோனார்.

காப்பகத்தின் மருத்துவர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ஆமைக்குப் படித்தவர் என்பதால் அவருக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், விடுப்பும் எடுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; ஆனால் பழகப் பழகப் பாலும் புளிக்கும், அதிசயமும் புளித்தது. ஒரு வருடத்துக்குள் அவர் தொட்டிகளின் அடியில் உட்கார்ந்து பாசி தேய்ப்பதை யாரும் நின்று பார்க்கவில்லை. மூச்சு வந்த கையோடு மட்டுமே பேச முடிந்ததால் சொற்களைச் சிக்கனமாகச் செலவழித்தார். அவர் மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்பவள், வீட்டில் இவரை வாயை மூடச் சொல்லிச் சலித்தவள். "இத்தனை வருஷம் சொன்னேன், கேக்கல. ஆமை சொன்னதும் கேட்டுட்டாரு" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, நோயாளிக்கும் நோயாளிக்கும் இடையில் கைப்பேசியைத் திறந்து, வரைபடத்தில் அந்தப் புள்ளி எங்கே என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. ஆமை மேலே வந்தால்தான் கருவி பேசும். புள்ளி வந்தால் புருஷன் இருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு பிற்பகல் புள்ளி மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே நின்றது, பிறகு வரவே இல்லை. பதறி வீட்டுக்கு ஓடிவந்தால், நாற்காலியில் அவர் நகங்கள் நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு "வாங்க, மேல வாங்க" என்று கெஞ்சினாள். அவரைத்தான் சொன்னாளா, ஆமையைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. பொழுது சாயும்போது மூச்சு வந்தது. முகம் தெரியாத யாரோ வலையை அறுத்திருக்க வேண்டும். அந்தக் கைகளை நினைத்து அழுதாள். அன்று முதல் அந்த ஆமையை வெறுக்கவும் செய்தாள்.

பசை தளர்ந்து கருவிகள் தாமாகவே உதிர்ந்துவிடும். அதற்கும் அப்படியே நடந்தது; தோல் மட்டும் ஓட்டோடு தங்கிவிட்டதோ என்னவோ, அவர் மூச்சு மாறவில்லை. புள்ளி நின்றதும் காப்பகம் அந்த ஆமையின் கணக்கை முடித்துக்கொண்டது. மருத்துவர் மட்டும் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, டீ குடித்தபடி பசைக்காரரின் நெஞ்சு ஏறி இறங்கும்வரை காத்திருந்துவிட்டுப் போனார். இப்படியே ஆண்டுகள் போயின.

பிறகு ஒரு விடியலில் அவர் எல்லாரையும்போல மூச்சு விடத் தொடங்கினார். "கரையேறிடுச்சு" என்றார், மூச்சு தாராளமாகக் கிடைத்ததால் மழையைப் பற்றியும் ஒழுகும் குழாயைப் பற்றியும் விடாமல் பேசினார். ஆமையைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பி வண்டியோடு வரச் சொல்லிவிட்டு, ஒரு தடித்த போர்வையும் கயிறும் எடுத்துக்கொண்டு ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரைக்குப் போனாள். தொட்டியில் போட்டு வைத்தால் வலையும் இல்லை, படகும் இல்லை. அவர் சாகும்வரை ஒழுங்காக மூச்சு விடுவார். முட்டையிட்டுக் குழியை மூடிக்கொண்டிருந்தது ஆமை. ஓட்டில் கருவி இருந்த இடம் வெளுத்திருந்தது.

"சொன்னா தூக்கிடலாம். நான் தடுக்க மாட்டேன்" என்றார் வண்டியோடு வந்து சேர்ந்த மருத்துவர். சொன்னாரே தவிர, வண்டியின் கதவைத் திறக்கவில்லை.

ஆமை கடலைப் பார்த்துத் திரும்பியது. குறைத் துடுப்பால் மணலை உந்தி, நின்று, இளைத்து, மறுபடி உந்தியது. ஒவ்வொரு முறை இளைக்கும்போதும், தூக்கத்தில் புருஷன் மூக்கில் கேட்கும் அதே மெல்லிய விசில். அதைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! நேராக அவள் காலடிக்கு வந்து, வழி இல்லாமல் நின்றது. அவள் போர்வையை மார்போடு அணைத்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு ஒதுங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது அவர் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்.

"விட்டுட்டேங்க. வழியை மறிக்க மனசு வரல" என்றாள்.

பதில் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது, அந்தப் பயம் அவளை விட்டுக் கடைசிவரை போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றாள். இருவரும் எழுந்துபோய்ச் சாப்பிட்டார்கள்.