ஆணியில் தொங்கிய கோட்

ஆயர் இறந்து பத்தொன்பது நாளும் ஐந்து மணி நேரமும் ஆகியிருந்தன. ஆயர் இல்லத்துத் தையல்காரி மூன்றாவது தடவையாகக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

மேஜையில் கறுப்புக் கோட் கை விரித்துக் கிடந்தது. அதை நகத்தளவு சதுரங்களாக வெட்டி, அட்டையில் தைத்து, நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டும். ஆயரை இப்போதே புனிதர் என்கிறது ஊர். போர்வை, செருப்பு, கட்டில் மெத்தை என்று கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்த மனுஷர். "அலமாரிக்குப் பூட்டு எதுக்கும்மா? திறந்து பார்த்தா திருடனே பாவப்பட்டு ஏதாவது வெச்சுட்டுப் போவான்" என்பார்.

கோட்டில் புகையிலை நாறியது. ஆயர் புகைத்ததில்லை. நேற்று மதியம் அவள் வீட்டு மாடிப்படியில் கனத்த பூட்ஸ் சத்தம் ஏறி வந்து கதவருகே நின்றது. திறந்தாள். யாருமில்லை, இதே வாடை மட்டும்.

இப்போது கோட்டின் இடது கை மெல்ல மடங்கியது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அடி விழுமோ என்பதுபோல் அவள் கை தானாகப் போய்க் கன்னத்தை மூடிக்கொண்டது.

அவள் தங்கை தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "அக்கா, முதல் துண்டு என் பொண்ணுக்குத்தான், சொல்லிட்டேன்."

"இன்னைக்கு ஆபரேஷன்னியே?"

"வேண்டாம்னுட்டேன். இது இருக்கும்போது கத்தி எதுக்கு?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சாயங்காலத்துக்குள்ள வயித்தைத் திறக்கலேன்னா குடல்வால் வெடிச்சிடுமாம். பயமுறுத்தத்தானே அவங்களுக்குச் சம்பளம்!"

பிள்ளையின் நெற்றி அடுப்பாய்க் கொதித்தது.

பக்கத்தில் காத்திருந்த ஆயரின் செயலர், இளம் பாதிரியார், சான்றுத் தாளை நீட்டினார். 'இது ஆயர் கடைசிவரை அணிந்த கோட்.'

"கையெழுத்துப் போடும்மா. அவர் அறை ஆணியில இதை முதல்ல பார்த்தது நீதானே?"

அவள் பேனாவைத் தொடவில்லை. "பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுடி."

"என்னக்கா உளர்றே?"

"இது ஆயரோடது இல்ல. வாசல்ல குடிச்சுட்டு விழுந்து கிடந்த ஒரு ஆளுக்கு, கொட்டற பனியில தன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். மூணாம் நாள் ஆயர் காய்ச்சல்ல போயிட்டார். வெறும் ஆணியைப் பார்த்து யாராவது கேட்பாங்களேன்னு, அந்த ஆள் ஆயரோடதைப் போட்டுக்கிட்டு, விட்டுட்டுப் போன தன்னோட பழைய கோட்டை நான்தான் மாட்டினேன்."

தங்கை அதற்குள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஆள்?" என்றார் பாதிரியார்.

மடங்கிய கையை அவள் நீவி நேராக்கினாள்.

"என் வீட்டுக்காரர், ஃபாதர்."