வெந்நீர் வருகிறதா என்று பார்த்தவர்

ரங்கராஜன் குழாயைத் திறக்கத்தான் பார்த்தார். அது கழன்று கையோடு வந்துவிட்டது. அவர் சுதாரிப்பதற்குள் பெண்கள் மருத்துவக் கல்லூரி விடுதியின் மாடித் தாழ்வாரம் ஹூக்ளியின் கிளை நதியாகிவிட்டது. துறைமுகத்தில் என்ஜினீயர் உத்தியோகம் வேறு.

விடுதிக்குள் ஆண்பிள்ளை யார் வந்தாலும் எல்லோரும் மாஷி (சித்தி) என்று கூப்பிடும் காவல்காரி மணியடித்துக்கொண்டே முன்னால் நடப்பாள்; பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆண் டாக்டருக்குக் கைநாடி காட்டவும் கூசிய பெண்களுக்காக இது ஆஸ்பத்திரியாக இருந்த காலத்து வழக்கம். இன்று சாத்திய கதவெல்லாம் தண்ணீரைக் கண்டு திறந்துகொண்டன. பெண்கள் புத்தகங்களையும் பாடத்துக்கு வாங்கிய எலும்புகளையும் அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"காக்கு, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று வங்காளியில் சித்தப்பா முறை வைத்துச் சொல்லி, ஒருத்தி அவர் கையில் ஒரு தொடையெலும்பைக் கொடுத்தாள். ஒரு கையில் குழாய், மறுகையில் எலும்பு. ஏதோ சின்ன ஊர் காவல் தெய்வம் மாதிரி நின்றார். மாஷி மணியை அடித்தபடியே பிளம்பரைத் தேடி ஓடினாள்.

முந்தாநாள் சேர்ந்த மகள் மேக்னா, சல்வாரை மடித்துக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஹவுராவில் பையன்களும் படிக்கிற காலேஜ். "உன் இஷ்டம்தான்" என்று சொன்ன ரங்கராஜன், அப்புறம் தினமும் ரசம் சாதத்தோடு இந்தக் காலேஜின் கையேட்டையும் பரிமாறினார்: நூற்றாண்டுப் பெருமை, பெரிய நூலகம், பிரசவ வார்டு, எந்நேரமும் வெந்நீர். ஒருநாள் அவள் "சரிப்பா" என்றாள். அது அலுப்பு என்று தெரிந்தே சம்மதமாக எடுத்துக்கொண்டார். இன்று குழாயைத் திருகியதும் அந்த உறுத்தலில்தான். சொன்னதில் வெந்நீராவது நிஜமாக இருக்கட்டுமே என்று.

"நகராதீங்கோப்பா, வழுக்கும்."

"தண்ணி ஜில்லுன்னு இருக்கேம்மா."

"வெந்நீர் குளிர்காலத்துல மட்டும்தானாம். மாஷி சொன்னா."

"நாளையோட ரெண்டாவது ரவுண்டு கவுன்சலிங் முடியறது. அப்புறம் காலேஜ் மாத்த முடியாது. உனக்கு இங்க பிடிச்சிருக்கா?"

"பரவால்லப்பா."

"பரவால்ல வேண்டாம். இன்னிக்கு நான் பண்ணின கூத்துக்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

மேக்னா துணியை வாளியில் முறுக்கிப் பிழிந்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"பிடிக்கலைப்பா. நாளைக்கு ஹவுரா காலேஜைத்தான் போடப் போறேன்."