ராஜிக்குப் போன ஏழு மா

வருவாய் நீதிமன்றத்தில் வழக்கு நடந்த இரண்டு வருடமும் அருள்மேரி ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிட்டதில்லை. நடவு நாளாக இருந்தாலும் விடியலிலேயே வயலில் இறங்கிப் பாதி வேலையை முடித்துவிட்டு, கணுக்காலில் காய்ந்த சேற்றோடு நாகப்பட்டினம் பஸ் ஏறிவிடுவாள்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடைமடையில், ஏழு மா நிலம். அவள் புருஷன் ரெமிஜியஸ் இருபது வருடம் குத்தகைக்கு உழுதது. அவன் செத்த மறுவருடமே, "இந்தப் பெண்பிள்ளை தன் கையால் சாகுபடி செய்யவில்லை, குத்தகைப் பதிவிலிருந்து பேரை எடுக்க வேண்டும்" என்று நிலத்துக்காரர் பஞ்சநதம் மனுப் போட்டுவிட்டார். அவர் மெட்ராஸில் குடியேறி வெகுகாலம். பிள்ளை அமெரிக்காவில். இறால் பண்ணை போடுகிறவர்கள் கடலோரமெங்கும் நிலம் தேடி அலைந்த தொண்ணூற்று நாலாம் வருடம் அது.

"சாட்சியெல்லாம் நம்ம பக்கந்தாம்மா. இன்னும் ரெண்டு மூணு வாய்தா, பொறுத்துக்குங்க" என்றார் அவளுடைய வக்கீல் அஹமது கபீர்.

அந்த வாரந்தான் இருதயசாமி வீட்டுக்கு வந்தார். விவசாயச் சங்கத்துக்காரர். ரெமிஜியஸின் கூட்டாளி. குத்தகைப் பதிவுக்காக அவனோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர். அவள் மகள் எல்சிக்கு ஞானத்தகப்பன்.

"எதுக்கு மேரி இந்த அலைச்சல்? ஜெயிச்சாலும் அவங்க அப்பீலுக்குப் போவாங்க. அங்க ஒரு அஞ்சு வருஷம். பஞ்சநதத்தோட ஏஜெண்டு ராஜிக்கு வர்றேங்குறான். மூணு மா உன் பேர்ல சொந்தமா எழுதிக் குடுத்துடறாங்க. மீதியை நீ விட்டுரு."

"வக்கீலய்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு. கேஸு முடிஞ்சா அவருக்கு என்ன வேலை?"

ஆனால் கபீர் வேண்டாமென்று சொல்லவில்லை. "பேசி முடிச்சா நல்லதுதாம்மா. அதைக் கோர்ட்டு முன்னாடியே எழுதிக்குவோம். எந்தப் பேப்பரா இருந்தாலும் என்கிட்ட காட்டாம கையெழுத்துப் போடாதீங்க" என்றார்.

அருள்மேரி இரண்டு நாள் யோசித்தாள். குத்தகையாக இல்லாமல் சொந்தமாக மூன்று மா என்ற நினைப்பே நெஞ்சை நிறைத்தது. இருதயசாமி அண்ணன் நடுவில் இருக்கும்போது வக்கீலைக் கூட்டிக்கொண்டு போவது அவரைச் சந்தேகப்படுவது போலிருக்குமே என்று கூசினாள். தனியாகவே போனாள்.

சங்க ஆபீஸில் பேச்சு நடந்தது. ஏஜெண்டு அவளை அம்மா அம்மா என்று கூப்பிட்டான். இருதயசாமி பத்திரத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். மூன்று மா அவளுக்கு என்ற வரியை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டாள். அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார்.

"இது?"

"அதோட நகல்தான். போடு."

போட்டாள். "அசல் என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்று இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுமாதம் அவருடைய மகன் எல்வின் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பினான். அருள்மேரிதான் வீட்டில் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு போய், பையன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைத்தாள்.

கோடையில் பொக்லைன் வந்தது. வரப்பை உடைத்துக்கொண்டு நடுவயலுக்குள் இறங்கியது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். மேற்பார்வையாளன் வரைபடத்தை விரித்துக் காட்டினான். ஏழு மாவும் இறால் குளமாகக் கோடு போட்டிருந்தது.

நாகப்பட்டினத்துக்கு ஓடினாள். கபீர் கோர்ட்டுக் காகிதக் கட்டிலிருந்து நகல் எடுத்துப் படித்தார். "குத்தகை உரிமையை மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டேன், மனுவில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா. மூணு மாவைப் பத்தி இதுல பேச்சே இல்ல. நமக்குத் தெரியாமலே இதைத் தாக்கல் பண்ணி, கேஸை முடிச்சிட்டாங்க."

"சாட்சி யாருங்கய்யா?"

அவர் வாயால் சொல்லாமல் தாளை அவள் பக்கம் திருப்பினார். எழுத்துக் கூட்டி வாசித்தாள். ம. இருதயசாமி.

அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனாள். பகல் சாப்பாட்டில் இருந்தார். அவளைப் பார்த்ததும் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"நகல்னு சொன்னீங்களேண்ணே."

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "எல்வினுக்கு இங்க என்ன இருக்கு மேரி? அந்த ஏஜெண்டோட மச்சான்தான் சிங்கப்பூர்ல ஏற்பாடு பண்ணினான். மூணு மா தந்துருவாங்கன்னு நானும் நம்பினேன்" என்றார். "கோர்ட்டுல தோத்திருந்தா உனக்கு ஒண்ணுமே கெடைச்சிருக்காது."

"தோத்திருந்தா நான் தோத்திருப்பேண்ணே. இது நீங்க தோக்கடிச்சது."

அவர் மனைவி ஃபிளோரா உள்ளிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அருள்மேரி அதை வாங்காமல் திரும்பிவிட்டாள்.

ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று கபீர் வழக்கைத் திரும்ப எடுக்க மனுப் போட்டார். இருதயசாமியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். முதல் பத்திரம் எங்கே என்று கேட்டதற்கு, "அப்படி ஒண்ணு இருந்ததா ஞாபகமில்லீங்க" என்றார். ரெமிஜியஸ் செத்தபோதுகூட உடையாமல் நின்றவள், கோர்ட்டு ஹாலில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

இழுத்து இழுத்து மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தபோது, "ரெண்டு தரப்பும் பேசிப் பாக்கறீங்களா?" என்று வழக்கை விசாரித்த அதிகாரி கேட்டார்.

கபீர் அவளைப் பார்த்தார். அருள்மேரி எழுந்து நின்றாள். "பேசறேங்கய்யா. இங்கயே, உங்க முன்னாடி. எங்க வக்கீலய்யா பக்கத்துல இருக்கணும். எழுதுற தாள் எத்தனைன்னு எண்ணிக் காட்டணும்."

ஏழு மாவும் அதற்குள் உப்புத் தண்ணீர் கட்டிக் குளமாகிவிட்டிருந்தது. வாய்க்காலுக்கு அப்பால் பஞ்சநதத்துக்கு இருந்த மேட்டு நிலத்தில் மூன்று மா அவள் பேருக்கு எழுதியாயிற்று. தண்ணீர் ஏறாத பூமி. ஒவ்வொரு வரியையும் கபீர் படிக்க, அவள் விரல் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கும் இருதயசாமி வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்துக்கு முந்தி ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு இடம் பிடித்தார். ஏறி உட்கார்ந்து, "மேரி, வா" என்று வெளியே தலையை நீட்டினார். குரல் பழைய குரலாகவே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கண்டக்டர் விசில் ஊதினான். அருள்மேரி பத்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த பஸ் எப்போது என்று பக்கத்திலிருந்த பூக்காரியிடம் கேட்டாள்.